நிமிஷத்துக்குப் பதினொன்று

விடிய ஐந்தரைக்கு
முதல் ரயில் கடற்கரையோடு போகும்போது
சுவருக்குள் இருக்கிற பைப்பெல்லாம்
ஒருமுறை பல்லைக் கடிக்கும்.
பிறகு இருமல்.
பிறகு வெறும் காற்று.
அதற்கும் பிறகுதான் தண்ணி,
முதல் அரை வாளி பிளேன்ரீ நிறம்.

அதை மிளகாய்ச் செடிக்கு ஊற்றுவேன்.
செடி இதுவரை முறைப்பாடு வைக்கவில்லை.

வெள்ளவத்தையில் இந்த ஒழுங்கைக்கு வந்து நாலு வருஷம்.
இரண்டு அறை, ஒரு குளியலறை, தண்ணி வசதி உண்டு
என்று ஒப்பந்தத்தில் இருந்தது.
எத்தனை மணிக்கு உண்டு என்று
கையெழுத்து வைக்கும்போது நான் கேட்கவில்லை.

குசினிச் சிங்குக்கு அடியில்
ஒரு லீற்றர் ஐஸ்கிறீம் டப்பா.
இரவு முழுக்க அதற்குள் சொட்டு விழும்.
மருந்துக்கடையில் கணக்கு எழுதுகிறவளுக்கு
எண்ணாமல் படுக்க வராது.
நிமிஷத்துக்குப் பதினொன்று.
மழை நாளில் பதின்மூன்று.
ஏனென்று ஜுனைதீனுக்கும் தெரியாது.

ஜுனைதீன் கொம்பனித்தெருவிலிருந்து ஸ்கூட்டரில் வருவார்,
தோளில் ஒரு பைப்புத் துண்டைச் சாய்த்துக்கொண்டு,
பஸ்காரர்கள் விலகிப் போவார்கள்.
வந்ததும் சாவியை எடுக்கமாட்டார்.
சுவரில் காது வைப்பார்.
இரண்டு இடத்தில் தட்டுவார்.
மூன்றாம் இடத்தில் தட்டாமலே
தலையை ஆட்டுவார்.

"மிஸ், இது வெள்ளக்காரன் காலத்து லைன்.
சும்மா ஒண்ட ஒண்டு புடிச்சிட்டு நிக்குது.
ஒண்டத் தொட்டா எல்லாம் வந்திரும்."

தொட்டார்.

வெட்டி எடுத்த துண்டு ஒரு சாண்.
வெளியே என் பெருவிரல் தடிப்பு.
உள்ளே கறள், கறளின் மேல் கறள்,
நடுவில் ஒரு பென்சில் போகலாம்,
சீவின பென்சில் என்றால்.
அதைக் கண்ணில் வைத்து மின்குமிழைப் பார்த்தேன்.
இந்தத் துளையால் வந்த தண்ணியிலா
நாலு வருஷம் தலை முழுகினேன்?

படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பினேன்.
எதிர்மன்னசிங்கம், மொன்றியால்.
முகம் கண்டதில்லை.
மாதம் ஒன்றாம் தேதி வங்கியில் போடும் பெயர்.

இரவு ஒன்பதரைக்கு அவரே எடுத்தார்.
"பிள்ளை, இஞ்ச மைனஸ் இருபத்தெட்டு.
நிலக்கீழறையில பைப் வெடிச்சுப் போச்சு.
சுவரெல்லாம் ஐஸ்."
என் துண்டைப் பற்றி ஒரு சொல் இல்லை.
"ராவில கொஞ்சம் திறந்து விட்டிருக்கோணும்.
சொட்டிக்கொண்டிருந்தா உறையாது.
எத்தினை பேர் சொன்னவை,
பில் கூடுமெண்டு நான்தான் பூட்டிப்போட்டுப் படுத்தனான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
ஏன் என்று கேட்டார்.
பதில் சொல்லாமல் போனைக்
குசினிச் சிங்குக்கு அடியில் வைத்தேன்.
டொக்.
டொக்.
அந்தப் பக்கம் நீளமாக மூச்சு விடும் சத்தம்.
ஒரு முழு நிமிஷம்.
அவரும் எண்ணியிருப்பாரோ தெரியாது.

"யோசிச்சுச் சொல்லுறன்" என்று வைத்துவிட்டார்.

ஜுனைதீன் வெட்டின இடத்துக்கு மட்டும்
வெள்ளைப் பிளாஸ்டிக் பைப் போட்டு
பசை காயும்வரை குந்தியிருந்து புகைத்தார்.
பழைய இரும்புக்கு நடுவில் அது
கட்டின பல்லு மாதிரி.
புது வேகத்தில் தண்ணி வந்தது, உண்மை.
அந்த வேகம் தாங்காமல்
அடுத்த மூட்டு, குளியலறைப் பக்கம், வியர்க்கத் தொடங்கியது.
அதற்கு இப்போது ஒரு யோகட் கப்.

நேற்று விடியப்புறம் போன் அதிர்ந்தது.
ஒரு படம் மட்டும்:
செப்புக் குழாய், நெடுகப் பிளந்து,
உதடு மாதிரி வெளியே வளைந்திருக்கிறது.
கீழே,
"இதுக்கு எண்ணூறு டொலர் கேக்கிறான்.
உங்கட ஆள் முழு லைனுக்கும் எவ்வளவு?"

மீற்றர் கணக்கு, சிமெந்து, உடைகூலி
எல்லாம் கூட்டி ஒரு தொகை எழுதினேன்.
ஜுனைதீன் சொன்னதற்கு மேல் ஒரு ரூபாய் வைக்கவில்லை.

இரண்டு சரியும் நீலமாகின.
எழுதுகிறார் என்று காட்டியது.
நின்றது.
மறுபடி எழுதுகிறார்.

ரயில் வந்தது.
சுவர் பல்லைக் கடித்தது.
நான் வாளியை எடுத்துக்கொண்டு போனேன்.